ஒருமுறை கேட்ட இடம்

'நகல் எடு' என்ற பொத்தானை நான் அழுத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு. இதை நினைவிலிருந்து சொல்லவில்லை. யார், எப்போது, எதை அழுத்தினார்கள் என்பதை எங்கள் அலுவலக மென்பொருள் ஓரத்தில் சிறிய எழுத்தில் குறித்து வைத்துக்கொள்கிறது. இப்போது திறந்தாலும் என் பெயருக்கு நேராக அந்த வரி இருக்கும்.

புதுக்கோட்டையில் ஒரு சின்ன அறக்கட்டளையில் அப்போது இரண்டாவது வருடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி வீடு ஒன்றில் அலுவலகம், பதினைந்து பேர். உள்பகுதிக் கிராமங்களில் கண்மாய் வேலை, கடலோரத்தில் மீன் காயவைக்கும் பெண்களோடு வேலை. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். அங்கே ஒரே செய்தி இரண்டு பக்கங்களில் வந்துவிடாமல் பார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. இரண்டு ஊர்களின் எல்லையில் விபத்து நடந்தால் இரண்டு நிருபர்களும் எழுதி அனுப்புவார்கள். ஒருவர் லாரி என்பார், மற்றவர் டெம்போ என்பார். கவனிக்காமல் விட்டால் மூன்றாம் பக்கத்தில் ஒன்று, ஏழாம் பக்கத்தில் ஒன்று வந்துவிடும். மறுநாள் டீக்கடைக்காரர், "ரெண்டு விபத்தா சார்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி என்னிடம் இரண்டு தடவை கேட்கப்பட்டிருக்கிறது.

அறக்கட்டளைக்கு மென்பொருள் வந்ததற்கு இலுப்பூர்க் கூட்டம்தான் காரணம். நாற்பது விவசாயிகள் வரவேண்டிய கூட்டம். இரண்டு பேர் தனித்தனியாக இரண்டு கடைகளில் சாப்பாடு சொல்லிவிட்டார்கள். நாற்பது பேருக்கு முன்னால் எண்பது பொட்டலம் சாம்பார் சாதம் வந்து இறங்கியது. திரும்பி வரும்போது வழியில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தோம். அடுத்த வாரம் நிர்வாகி மென்பொருளை வாங்கி, பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "ஒண்ணு ரெண்டா வந்தா ஒங்க கண்ணுக்குத்தான் படும்" என்றார்.

அது அமைந்திருக்கும் விதம் எளிது. ஒவ்வொரு திட்டத்துக்கும் திரையில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னக் கார்டு. கார்டில் வேலையின் பெயர், செய்பவர், முடிக்கவேண்டிய தேதி. முடிந்தால் பச்சை, தேதி தாண்டினால் சிவப்பு. சிவப்பாக எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று முதல் மாதமே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொன்னதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில் பதினொரு பெண்கள் சேர்ந்த குழு ஒன்று எங்களோடு வேலை செய்தது. காரலும் நெத்திலியும் வாங்கி மணலில் பரப்பிக் காயவைப்பார்கள். காற்றடித்தால் மீனில் மணல் ஏறும். மணல் ஏறிய கருவாட்டை வியாபாரி கையில் எடுத்து உதறிப் பார்த்துவிட்டு விலையை இறக்குவார். தரைக்கு மேலே இடுப்பு உயரத்தில் மூங்கில் தட்டிகள் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எட்டுத் தட்டிகளுக்கு எங்களிடம் நிதி இருந்தது. கரையில் இடம்தான் இல்லை. கரை ஊருக்குப் பொது. யார் எங்கே படகை ஏற்றுவது, வலையைப் போடுவது என்பதை ஊர்க் கமிட்டி சொல்லும்.

குழுவின் தலைவிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அக்கா, எங்களுக்கும் அக்கா. எட்டு மாதமாக அந்த இடத்துக்கு அவர் அடிபோட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் போய்க் கேட்கிறோம் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. "நீங்க கேட்டா ஒங்களுக்குக் குடுத்ததாயிரும். நாளைக்கு நீங்க போயிட்டா எடமும் போயிரும். நான் கேக்குறேன், நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்" என்றார். இதை எங்கள் களப்பணியாளர், அறந்தாங்கிக்காரப் பெண், இடம் கேட்கும் வேலைக்கான கார்டின் கீழே குறிப்புகள் எழுதும் பகுதியில் எழுதி வைத்தார்: 'அக்காதான் கேட்க வேண்டும். நாம் பேசக் கூடாது.'

இந்த இடத்தில்தான் என் செவ்வாய்க்கிழமை வருகிறது. தட்டிகளுக்குப் பின்னால், காற்று வரும் பக்கம், சவுக்கும் பனையும் வரிசையாக வைக்க வேறொரு நிதி கிடைத்தது. அது தனித் திட்டம், தனிப் பலகை. ஆனால் ஊர் அதே ஊர், கமிட்டி அதே கமிட்டி, தட்டி வந்த பிறகுதான் மரம். புதிதாக எல்லாவற்றையும் தட்டச்சு செய்வானேன் என்று தட்டித் திட்டத்தின் பலகையை அப்படியே நகல் எடுத்தேன். தலைப்பை மாற்றினேன். மீன் சம்பந்தப்பட்ட கார்டுகளை நீக்கினேன். 'ஊர்க் கமிட்டியிடம் இடத்துக்கு அனுமதி' என்ற கார்டு இரண்டுக்கும் பொதுவானதுதானே என்று விட்டுவைத்தேன். செய்பவர் பெயரில் மரம் நடும் பொறுப்பாளரைப் போட்டேன்.

மென்பொருளில் ஒரே கார்டை இரண்டு பலகைகளிலும் தெரியும்படி இணைக்கலாம். ஒன்றில் முடித்தால் மற்றதிலும் முடியும். அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அன்று நான் செய்தது இணைப்பு இல்லை, நகல். நகலுக்குப் பிறகு அந்த இரண்டு கார்டுகளுக்கும் ஒன்றோடு ஒன்று சம்பந்தமே கிடையாது. நகல் எடுக்கும்போது வேலையின் பெயர் வரும், தேதி வரும். கீழே எழுதிய குறிப்புகள் வராது.

அந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கமிட்டி உட்கார்ந்திருந்தபோது, அக்கா போய்க் கேட்டார். எங்கள் களப்பணியாளர் பக்கத்தில் நின்றார். இதற்கு முன் இரண்டு தடவை வேறு யாரோ குழுவுக்காக ஜாடையாகப் பேச்செடுத்தபோது, கமிட்டி பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறது; அது கேட்டதாகக் கணக்கில்லை. இந்தத் தடவை அவரே பேசினார். பத்து நிமிடத்தில் சரி என்றுவிட்டார்கள். ஐஸ் கம்பெனிச் சுவரிலிருந்து பழைய படகுத்துறைக் கல் வரைக்கும். செய்தி தொலைபேசியில் வந்ததும் நானே கார்டைப் பச்சையாக்கினேன்.

மறுவாரம் அறந்தாங்கிப் பெண் தங்கையின் வளைகாப்புக்கு விடுப்பில் போயிருந்தார். புதன்கிழமை, மற்ற பலகையில் இருந்த நகல் சிவப்பானது. மரத்துக்குப் பொறுப்பானவர் அதைப் பார்த்தார். நாற்பது வயதுக்காரர், பல வருடம் நாற்றங்காலில் இருந்தவர், சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பவர். இன்னும் ஒரு படி மேலே போய், வாய்ப்பேச்சு போதாது என்று எங்கள் லெட்டர்பேடில் ஒரு விண்ணப்பம் தயார் செய்தார். 'ஐஸ் கம்பெனிச் சுவர் முதல் பழைய படகுத்துறைக் கல் வரை உள்ள இடத்தை வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.' இடத்தின் எல்லையை அவர் எங்கள் பொதுக் கோப்பிலிருந்து எடுத்திருக்கிறார். வியாழக்கிழமை காலை பைக்கில் போய், கமிட்டித் தலைவர் கையில் கொடுத்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிட்டார். கார்டு பச்சையானது.

திங்கட்கிழமை அக்கா கூப்பிட்டார்.

"சார், ஒங்க ஆபீஸ்ல மொத்தம் எத்தன பேரு?"

"பதினஞ்சு பேரு. ஏங்க்கா?"

"பதினஞ்சு பேரும் ஒவ்வொருத்தரா வந்து கேப்பீங்களா? தேதி போட்டுக் குடுத்துருங்க. நான் டீ போட்டு வைக்கிறேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அந்தக் கரையில் இடம் ஒரு தடவைதான் கேட்கப்படும். சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. சரி என்று சொன்ன பிறகும் மறுபடி கேட்டால், முதலில் சொன்ன வார்த்தையில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். அதையும் எழுதிக் கேட்டால் அவமதிப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். கமிட்டியில் யாரும் கோபப்படவில்லை. எழுதிக் கேட்டிருக்கிறார்கள், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று தாளைக் கோப்பில் வைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டம் ஒரு மாதம் கழித்து. மீன்பிடி தடைக்காலம் முடிய அப்போது மூன்று வாரம் இருந்தது. தடை முடிந்து விசைப்படகுகள் போய் வந்ததும்தான் மீன் வந்து குவியும். அதற்குள் தட்டி ஏறவில்லை என்றால் அந்த வருடமும் மணல்தான்.

"எடத்த விடுங்க சார்" என்றார். "எட்டு மாசம் நடந்து என் வாயால வாங்குன சொல்லு அது. இப்ப எங்க குழுவுலயே கேக்குறாளுவ, ஒனக்குக் குடுத்தாகளா, ஆபீஸ்காரங்களுக்குக் குடுத்தாகளான்னு."

தொலைபேசியை வைத்துவிட்டு இரண்டு பலகைகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். ஒரே பெயரில் இரண்டு பச்சைக் கார்டுகள். ஒன்றின் கீழே, 'அக்காதான் கேட்க வேண்டும்.' மற்றதன் கீழே வெற்றிடம். மேலே என் பெயர், செவ்வாய், பதினொன்று நாற்பது. இரண்டு பக்கத்தில் ஒரே செய்தி. இந்தத் தடவை இரண்டையும் அச்சுக்கு அனுப்பியது நான்.

மரப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, தப்பு உங்களுடையது இல்லை என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"செவப்பா இருந்துச்சு சார். செவப்பா இருந்தா முடிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

"ஆமா."

"நான் அந்தக்காவ ஒரு வார்த்த கேட்டுருந்தா..."

"கேக்கணும்னு அதுல எழுதலையே."

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். விளக்கம் எழுதி அனுப்பலாமா என்று அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"லெட்டரா? வேணாம் சார். ஏற்கெனவே ஒரு லெட்டருதான் அங்க சம்மணம் போட்டு ஒக்காந்துருக்கு."

"அப்ப நேர்ல வந்து சொல்றேன்."

"என்னன்னு சொல்வீங்க? எடம் குடுங்கன்னா? அது மூணாவது."

அவரே மேலே சொன்னார்: "அந்தத் தாளு அங்க கெடக்குற வரைக்கும் நான் கேட்டது கெடப்புலதான் சார் கெடக்கும்."

அப்படியானால் அந்தத் தாள் அங்கே இருக்கக் கூடாது. திருத்தம் போடுவதற்குப் பதிலாக, செய்தியையே திரும்ப வாங்க வேண்டும். பத்திரிகையில் அதற்கு வழியில்லை. இங்கே இருந்தது. அக்காவிடம் சொன்னேன். "கேக்காம வாங்கிட்டு மட்டும் போறதுன்னா வாங்க. நான் அந்தப் பக்கம் வரல" என்றார்.

மறுநாள் காலை மரப் பொறுப்பாளரோடு பைக்கில் புறப்பட்டேன். ஆவுடையார்கோவிலில் டீ குடித்தோம். கடற்கரையில் விசைப்படகுகள் மேலே ஏற்றப்பட்டு, மராமத்தும் பெயிண்ட் வேலையும் நடந்துகொண்டிருந்தன. கமிட்டித் தலைவரும் ஒரு படகுக்குச் சொந்தக்காரர். கையில் பிரஷோடு நின்றவர் எங்களைப் பார்த்ததும் அதை டப்பா மேல் குறுக்காக வைத்தார்.

"வாங்க, வாங்க. இன்னைக்கு என்ன கேக்க வந்தீங்க?"

"கேக்க வரலைங்க. குடுத்தத வாங்கிட்டுப் போக வந்தோம்."

"என்னத்தக் குடுத்தீங்க?"

"போன வாரம் இவரு ஒரு தாள் குடுத்தாரு. அது குடுத்துருக்கக் கூடாது. தப்பு இவருது இல்ல, என்னுது. ஒரே வேலைய ரெண்டு எடத்துல எழுதி வச்சுட்டேன். ஒரு எடத்துல முடிஞ்சது இன்னொரு எடத்துக்குத் தெரியல."

"எதுல எழுதுனீங்க, நோட்டுலயா?"

"கம்ப்யூட்டர்ல."

"அப்ப நாங்க சரின்னு சொன்னது ஒங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாது?"

"பாதிக்குத் தெரியும். பாதிக்குத் தெரியாது."

படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே சொன்னார்: "நம்ம கமிட்டி மாதிரின்னு சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். "நீ சுரண்டுற வேலையப் பாருப்பா" என்று அவரை அதட்டிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கமிட்டி அறைக்குப் போனார். கோப்பிலிருந்து தாளை எடுத்துவந்து, ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, என்னிடம் தராமல் மரப் பொறுப்பாளரிடம் நீட்டினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. வச்சுக்கங்க."

அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தலைவர் மறுபடி பிரஷை எடுத்தார். எங்களைப் பார்க்காமல், படகின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அப்ப எங்க ஊருப் பொண்ணு கேட்டது மட்டுந்தான் கேட்டது. அதுக்குச் சரின்னு சொன்னோம். அது அப்படியேதான் இருக்கு. ஆனா ஒண்ணு. நீங்க எழுதிக் குடுத்த பொறவு எடம் முடிவாகலன்னு நெனச்சு, ஞாயித்துக்கெழம வலைக்காரங்க வந்து வாயால கேட்டாங்க. எழுத்தில்லன்னா கூட்டத்துக்குக் காக்க வேண்டியதில்ல. படகுத்துறைக் கல்லு பக்கம் கொஞ்சம் குடுத்துட்டோம். அதத் திருப்பிக் கேக்க முடியாது. சொன்னா சொன்னதுதான்."

எங்களுக்குச் சாதகமாக இருந்த அதே வழக்கம் அங்கே எதிராக நின்றது. கையைக் கூப்பிவிட்டு வந்தோம்.

ஐஸ் கம்பெனிச் சுவர் ஓரத்தில் அக்கா காத்திருந்தார். நடந்ததைச் சொன்னதும் சுவரிலிருந்து காலால் அளந்துகொண்டே போனார். வலைக் குவியல் தொடங்கும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"எட்டுக்குக் கேட்டேன். அஞ்சுதான் நிக்கும். மூணை ஒங்க கம்ப்யூட்டரு தின்னுருச்சு."

"கம்ப்யூட்டர் இல்லக்கா, நான்தான்."

"ஆமா, நீங்கதான்" என்றார். மரப் பொறுப்பாளரிடம் திரும்பி, "நீங்க ஏண்ணே மூஞ்சிய இப்புடி வச்சுருக்கீங்க? மரம் வைக்க எடம் இருக்கு. அதுக்கு யாரையும் கேக்க வேணாம், தட்டிக்குப் பின்னாடி எங்க எடந்தான்" என்றார். அன்றுதான் அவர் 'எங்க எடம்' என்று சொல்லிக் கேட்டேன்.

அலுவலகத்துக்கு வந்ததும் நகல் கார்டை நீக்கினேன். உறுதியாக நீக்கவா என்று மென்பொருள் கேட்டது. முதல் கார்டை இரண்டு பலகைகளுக்கும் இணைத்தேன். அப்படி இணைத்த கார்டின் மூலையில் சின்னச் சங்கிலி அடையாளம் ஒன்று வரும். அடுத்த இரண்டு நாள் மற்றத் திட்டங்களையும் ஊர் வாரியாகத் தேடிப் பார்த்தேன். இதே மாதிரி ஆறு ஜோடிகள் கிடைத்தன. ஒரே பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைப் பார்க்க இரண்டு பேர், ஒரே கண்மாய்க்கு அளவெடுக்க இரண்டு பேர். அதில் நான்கு என் கையால் வந்தவை. நல்ல வேளையாக எதுவும் இன்னும் சிவப்பாகியிருக்கவில்லை.

அதன்பின் அலுவலகத்தில் வழக்கத்தை மாற்றினோம். புதுக் கார்டு திறப்பதற்கு முன் ஊர்ப் பெயரைப் போட்டு எல்லாப் பலகைகளிலும் தேட வேண்டும். பலகையை நகல் எடுத்தால் அதில் ஒரு கார்டுகூட இருக்கக் கூடாது, வெறும் சட்டகம்தான் வரவேண்டும். ஒரு மனிதரிடம் போய் எதையாவது கேட்கும் வேலை எதுவானாலும் அதற்கு ஒரே கார்டு. எத்தனை திட்டத்துக்குத் தேவைப்பட்டாலும் சங்கிலிதான். முக்கியமான எச்சரிக்கையைக் கீழே குறிப்பில் எழுதாமல் வேலையின் பெயரிலேயே சேர்க்க வேண்டும். பெயர் நீளமாகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். நீளட்டும் என்றேன். தலைப்பைச் சுருக்குவதில் இருபத்திரண்டு வருடம் கழித்தவன் அதைச் சொன்னது நிர்வாகிக்கு வேடிக்கையாக இருந்தது.

தடைக்காலம் முடிவதற்கு நான்கு நாள் முன்னால் ஐந்து தட்டிகளும் ஏறிவிட்டன. முதல் வாரத்துக் காரல் வந்ததும் அறந்தாங்கிப் பெண் படம் எடுத்து அனுப்பினார். தட்டிகளில் மீன் வெள்ளி வெள்ளியாகக் கிடந்தது. பதினொரு பேரும் முறை வைத்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில், வலைக் குவியலுக்கு இந்தப் பக்கம், மணலில் ஒரு தார்ப்பாய் விரிந்திருந்தது. அதிலும் மீன். அன்று முறை வராதவர்களுடையது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தார்ப்பாயின் விளிம்பில் மணல் ஏறியிருந்தது தெரிந்தது.

பலகையில் புதிதாக ஒரு கார்டு திறந்தேன். அதன் பெயர் நீளமானது: 'மீதி மூன்று தட்டிக்கு இடம் - அக்கா மட்டும்தான் கேட்பார், அவர் சொல்லும்வரை யாரும் போகக் கூடாது.' மூலையில் சங்கிலி அடையாளம் இருக்கிறது. எப்போது கேட்கப் போகிறீர்கள் என்று அவரிடம் ஒரு தடவை விசாரித்தேன். "வலைக்காரங்க எடத்த மாத்துற நாளு வரும் சார். அன்னைக்குக் கேப்பேன். ஒரு தடவதான் கேப்பேன்" என்றார். தேதி போடாமல் கார்டை மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது என்பதால் உத்தேசமாக ஒன்றைப் போட்டேன். அந்தத் தேதி தாண்டிவிட்டது. இப்போது கார்டு சிவப்பாக இருக்கிறது. மரப் பொறுப்பாளர் தினமும் காலையில் அதைப் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன். யாரும் போகவில்லை.